பெயர் மறைந்த படைப்பாளிகள்: டோரீன் வாலியென்டேயும் இங்கிலாந்தின் புதிய சூனியச் சமயமும்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் தோன்றி, இன்று வட அமெரிக்கா, ஆஸ்திரேலியா வரை பரவியுள்ள விக்கா என்னும் சமயம், தன்னைக் கிறித்துவத்துக்கு முந்தைய வழிபாட்டின் எச்சம் என்றே உலகுக்கு அறிமுகப்படுத்திக்கொண்டது. சூனியக்காரி என்ற பழிச்சொல்லையே பட்டமாக ஏற்றுக்கொண்ட அதன் உறுப்பினர்கள், நிலவின் கலைகளையும் பருவங்களின் மாற்றத்தையும் ஒட்டிக் கூடி, ஒரு தேவியையும் கொம்புடைய ஒரு தேவனையும் வணங்குகின்றனர். மூலிகை, தாயத்து, சீட்டுக்குறி முதலியவற்றையும் அவர்களுள் பலர் பயில்கின்றனர். இவ்வழிபாட்டில் ஓதப்படும் உரைகளின் பழமையைப் பற்றிப் பெரிய உரிமைக் கோரிக்கைகள் எழுந்தபோதிலும், அவற்றுள் முதன்மையானவை 1950களில், தென்கடற்கரை நகரமான போர்ன்மத்தில் வாழ்ந்த ஓர் இல்லத்தரசியால் எழுதப்பட்டவை என்பது இப்போது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டுள்ளது. டோரீன் வாலியென்டே என்னும் அப்பெண்மணியின் வாழ்க்கை, ஒரு மரபு எவ்வாறு ஆக்கப்படுகிறது என்பதையும், ஆக்கியவரின் பெயர் அதிலிருந்து எவ்வளவு எளிதில் உதிர்ந்துவிடுகிறது என்பதையும் ஒருங்கே காட்டுகிறது.

இச்சமயம் வெளிப்பட்ட காலத்தை முடிவு செய்தது பக்தியன்று, சட்டமே. சூனியக்காரிகள் என்று குற்றம் சாட்டப்பட்டோரைத் தூக்கிலிட வழிசெய்த பழைய சட்டங்களை நீக்கிய 1735ஆம் ஆண்டுச் சூனியச் சட்டம், சூனியம் என்ற ஒன்று உண்டென்பதையே ஏற்காத அறிவொளிக் காலத்தின் விளைவாகும். மந்திர ஆற்றல் இருப்பதாகப் பாசாங்கு செய்வதையே அது குற்றமாக்கி, ஓராண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. குறி சொல்வோரையும் கைரேகை பார்ப்போரையும் பிடிக்க, 1824ஆம் ஆண்டின் நாடோடிகள் சட்டம் தனியே இருந்தது. 1944இல், இறந்தோரின் ஆவிகளோடு பேசுவதாகக் கூறிய ஹெலன் டங்கன் என்னும் ஸ்காட்லாந்துப் பெண், இரு நூற்றாண்டுப் பழமையான அந்த 1735ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஒன்பது மாதம் சிறையிலடைக்கப்பட்டபோது, போர் நடுவே இத்தகைய வழக்கா என்று பிரதமர் சர்ச்சிலே எரிச்சலுற்றார். ஆவியுலகக் கொள்கையினர் தொடர்ந்து நடத்திய பரப்புரையின் பயனாக அச்சட்டம் 1951இல் நீக்கப்பட்டு, பணம் பெற்று வேண்டுமென்றே ஏமாற்றியதாக மெய்ப்பிக்கப்பட்டால் மட்டுமே தண்டிக்கும் மோசடி ஊடகர் சட்டம் அதனிடத்தில் வந்தது. ஆவியுலகினருக்காகத் திறக்கப்பட்ட அந்தக் கதவின் வழியே சூனியச் சமயத்தினர் வெளியே வந்தனர்.

அவ்வாறு வெளிவந்தவர்களுள் முதல்வர் ஜெரால்டு கார்ட்னர். 1884இல் லிவர்பூல் அருகே பிறந்த இவர், 1900இல் இலங்கைக்குச் சென்று, தமிழ்த் தொழிலாளர்களின் உழைப்பில் வளர்ந்த தேயிலைத் தோட்டங்களில் தம் பணிவாழ்வைத் தொடங்கினார். பின்னர் போர்னியோவிலும் மலாயாவிலும் ரப்பர் தோட்டங்களில் வேலை பார்த்து, மலாயாவில் சுங்க அதிகாரியாகி, 1936இல் ஓய்வு பெற்றார். மலாய் மக்களின் கிரிஸ் என்னும் குத்துவாளைப் பற்றி இவர் எழுதிய நூல் இன்றும் மதிக்கப்படுகிறது. இங்கிலாந்தின் நியூ ஃபாரஸ்ட் பகுதியில் இரகசியமாகத் தொடர்ந்து வந்த ஒரு பழங்குழுவினர் 1939இல் தமக்குத் தீக்கை அளித்தனர் என்பது கார்ட்னரின் கூற்று. அக்கூற்றுக்கு அறிவுலகத் துணையாக அமைந்தது, கல்கத்தாவில் பிறந்த எகிப்தியல் அறிஞர் மார்கரெட் மர்ரே 1921இல் வெளியிட்ட நூல். வேட்டையாடப்பட்ட சூனியக்காரிகள் உண்மையில் ஒரு தொல்சமயத்தின் அடியார்களே என்று அவர் வாதிட்டார். அவர் தம் கருத்துக்கு ஒத்த வரிகளை மட்டும் பொறுக்கியெடுத்து விசாரணைப் பதிவுகளைக் கையாண்டார் என்பதை 1970களில் கீத் தாமஸ், நார்மன் கோன் முதலிய வரலாற்றாசிரியர்கள் வெளிப்படுத்தியதோடு அக்கொள்கை வீழ்ந்தது. கார்ட்னர் 1954இல் வெளியிட்ட நூலுக்கு முன்னுரை வழங்கியவரும் மர்ரேதான்.

டோரீன் 1922 ஜனவரி 4ஆம் நாள் இலண்டனின் தென்பகுதியில், டோமினி என்னும் குடும்பத்தில் பிறந்தார். கன்னியர் மடப் பள்ளியிலிருந்து பதினைந்து வயதில் விலகிய இவர், இரண்டாம் உலகப் போரின்போது, ஜெர்மனியின் சங்கேதச் செய்திகளை உடைத்த பிளெட்ச்லி பார்க் நிலையத்தில் பணியாற்றினார். 1941இல் மணந்த கிரேக்க மாலுமி சில மாதங்களிலேயே கடலில் மறைந்தார். 1944இல், உள்நாட்டுப் போரிலிருந்து தப்பி வந்த ஸ்பானியரான காசிமிரோ வாலியென்டேயை மறுமணம் செய்துகொண்டு போர்ன்மத்தில் குடியேறினார். மறைஞான நூல்களைத் தாமே தேடிப் படித்துத் தேர்ந்திருந்த இவர், மேன் தீவில் திறக்கப்பட்ட சூனிய அருங்காட்சியகத்தைப் பற்றி 1952இல் ஒரு வார இதழில் வந்த கட்டுரையைக் கண்டு அதன் நிறுவனர் செசில் வில்லியம்சனுக்குக் கடிதம் எழுத, அக்கடிதம் கார்ட்னரின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. 1953ஆம் ஆண்டின் நடுக்கோடையில் கார்ட்னர் இவருக்குத் தீக்கை அளித்தார்.

கோவன் என்பது ஏறத்தாழப் பதின்மூவர் கூடும் சிறு வழிபாட்டுக் குழு. அதன் சடங்குகளைத் தலைமைக் குருத்தி நடத்துவாள். 'நிழல்களின் நூல்' என்பது அச்சடங்குகள் எழுதப்பட்ட கையேடு. தீக்கை பெற்றவர் தம் கையாலேயே படியெடுத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. கார்ட்னரின் கோவனில் தலைமைக் குருத்தியான வாலியென்டே, பழமையானதென்று தம்மிடம் தரப்பட்ட கையேட்டைப் படித்தபோது, அதில் பல பகுதிகள் அலெய்ஸ்டர் குரோலி என்னும் மறைஞானியின் அச்சிட்ட நூல்களிலிருந்து எடுக்கப்பட்டவை என்பதைக் கண்டுகொண்டார். குரோலியின் எழுத்துகளை அவர் முன்னமே படித்திருந்ததால் இக்கண்டுபிடிப்பு நேர்ந்தது. தமக்குக் கிடைத்தவை சிதைந்த துணுக்குகளே என்றும், இடைவெளிகளைத் தாம் நிரப்ப நேர்ந்தது என்றும் கார்ட்னர் விளக்கம் கூறி, முடிந்தால் இதைவிட நன்றாகச் செய்து காட்டுமாறு சொல்லிவிட்டார். அவரும் செய்து காட்டினார். குரோலியின் பகுதிகளில் பெரும்பாலானவற்றை நீக்கினார். சார்லஸ் லீலண்டு என்னும் அமெரிக்க நாட்டாரியல் அறிஞர் 1899இல் இத்தாலியச் சூனிய மரபென்று வெளியிட்ட நூலிலிருந்து சில இழைகளை எடுத்துக்கொண்டு, தேவி தன் அடியார்க்கு உரைப்பதாக அமைந்த ஆணையுரையைச் செய்யுளாகவும் உரைநடையாகவும் புதிதாக எழுதினார். இன்று உலகின் பல பகுதிகளில் விக்கா வழிபாடுகளில் அந்த உரைநடை வடிவம் ஓதப்படுகிறது. கையிலிருந்து கைக்குப் படியெடுக்கப்பட்ட நூலில் ஆசிரியர் பெயருக்கு இடமில்லை; ஆகவே அது மிக விரைவில் தொன்மையான திருமொழியாகிவிட்டது.

கார்ட்னருக்குப் புகழின்மீதிருந்த ஆசை இருவரையும் பிரித்தது. பத்திரிகையாளர்களை அவர் தொடர்ந்து நாடுவதால் உறுப்பினர்களுக்கு ஊறு நேரும் என்று வாலியென்டேயும் வேறு சிலரும் விதிமுறைகளை எழுதிக்கொடுத்தபோது, விதிமுறைகள் ஏற்கெனவே உள்ளன என்று கார்ட்னர் ஒரு பட்டியலை நீட்டினார். அதுவரை எவரும் கண்டிராத அப்பட்டியலில், தலைமைக் குருத்தி வயது ஏறியதும் இளையவள் ஒருத்திக்கு வழிவிட்டு மனமுவந்து விலக வேண்டும் என்றொரு விதியும் இருந்தது. அப்போது வாலியென்டேக்கு வயது முப்பத்தைந்து. 1957இல் அவர் தம் ஆதரவாளர்களுடன் வெளியேறினார். தேவையான நேரத்தில் தேவையான தொன்மை கிடைத்துவிடுவது சமய வரலாற்றில் புதிதன்று என்றாலும், இவ்வளவு அப்பட்டமாக நிகழ்ந்தது அரிது. பின்னர் 1960களில் ராபர்ட் காக்ரேன் என்பவரின் குழுவில் சேர்ந்து, அவரும் வழிவழி வந்த மரபென்று தாமே புனைந்ததைக் காட்டுகிறார் என்று கண்டு அங்கிருந்தும் விலகினார்.

சூனியக்காரியோடு பொதுமக்கள் மனத்தில் பிணைந்துவிட்ட டாரட் சீட்டுகளின் வரலாறும் இதே வடிவம் கொண்டது. நான்கு வகையாகப் பிரிந்த 56 சீட்டுகளும், உருவங்கள் வரைந்த 22 துருப்புச் சீட்டுகளும் சேர்ந்த இக்கட்டு, பதினைந்தாம் நூற்றாண்டில் வட இத்தாலிய அரண்மனைகளில் விளையாட்டுக்காகத் தோன்றியது. மூன்று நூற்றாண்டுகளுக்கும் மேலாக அது பெரும்பாலும் விளையாட்டாகவே இருந்தது. 1781இல் பாரிஸ் நகரத்து அறிஞர் கூர் த ஜெபலின், இது எகிப்தியக் குருமாரின் மறைநூல் என்று எழுதினார். எகிப்தியச் சித்திர எழுத்தை அப்போது எவராலும் படிக்க இயலாது என்பதால், அக்கூற்றை மறுக்கவும் எவராலும் இயலவில்லை. ஷாம்பொலியோன் அவ்வெழுத்தைப் படித்தறிந்தது 1822இல்தான். அதற்குள் எத்தேலா என்ற புனைபெயர் கொண்ட அலியெத் சீட்டுக்குறியை ஒரு தொழிலாக்கி, குறி சொல்வதற்கென்றே தனிக் கட்டு ஒன்றையும் வெளியிட்டுவிட்டார். இக்கதையின் புனைவுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டியவர், தர்க்கவியலில் பெயர் பெற்ற ஆக்ஸ்போர்டுத் தத்துவப் பேராசிரியர் மைக்கேல் டம்மெட் என்பது சுவையான செய்தி.

இன்று குறி சொல்வோர் மிகுதியாகப் பயன்படுத்தும் கட்டு, இலண்டனில் ரைடர் நிறுவனம் 1909இல் வெளியிட்டது. அதற்குக் கருத்துரைத்தவர், 1888இல் நிறுவப்பட்ட பொன் விடியல் என்னும் மறைஞானச் சங்கத்தைச் சேர்ந்த ஆர்தர் எட்வர்டு வெயிட். படங்கள் அனைத்தையும் வரைந்தவர், அதே சங்கத்தைச் சேர்ந்த பமேலா கோல்மன் ஸ்மித் என்ற ஓவியர். அதற்கு முன் பெரும்பாலான கட்டுகளில் சிறு சீட்டுகள் வாள்களையும் கோப்பைகளையும் வெறும் எண்ணிக்கையாகக் காட்டின. அவற்றையும் மனிதர் நடமாடும் காட்சிகளாக ஆக்கியவர் ஸ்மித்தே. சீட்டைப் பார்த்தவுடன் கதை சொல்ல முடிவது, அதாவது இன்றைய டாரட் தொழில் முழுவதும், இந்த ஒரு மாற்றத்தின்மீது நிற்கிறது. பெரும் வேலை, சிறு ஊதியம் என்று அவர் தம் நண்பரான புகைப்படக் கலைஞர் ஸ்டீக்லிட்ஸுக்கு எழுதினார். கட்டு ரைடர், வெயிட் ஆகியோரின் பெயர்களால் உலகெங்கும் விற்றது. ஸ்மித் 1951இல், பழைய சூனியச் சட்டம் நீக்கப்பட்ட அதே ஆண்டில், கார்ன்வாலில் கடனோடு இறந்தார். அவருடைய கையொப்பச் சின்னம் மட்டும் சீட்டுகளின் மூலையில் நிலைத்தது.

ஸ்மித்துக்குக் கிடைக்காத வாய்ப்பு வாலியென்டேக்குக் கிடைத்தது. தம் பங்களிப்பைத் தாமே எழுதிவைக்க அவர் உயிரோடிருந்தார். சசெக்ஸ் வட்டார வழக்காறுகளைப் பற்றிய 1962ஆம் ஆண்டு நூலில் தம்மை வெளியாளாகவே காட்டிக்கொண்ட அவர், 1973இல் வெளியிட்ட சூனியக்கலை அகரவரிசைக் களஞ்சியத்தில் அந்த முகமூடியைக் கழற்றிவிட்டார். 1978இல் வெளியான நூலில், தீக்கையளிக்க ஒருவரும் இல்லாதவர் தமக்குத் தாமே தீக்கை அளித்துக்கொள்ளும் முறையையும் அச்சிட்டார். குருவழி உரிமையையே மூலதனமாகக் கொண்டிருந்தோருக்கு இது பிடிக்கவில்லை. 1970களின் தொடக்கத்தில் தேசிய முன்னணி என்னும் இனவெறிக் கட்சியில் சிறிது காலம் உறுப்பினராக இருந்ததும் அவர் வாழ்க்கையின் ஒரு பகுதியே. அதை மறைத்து எழுதப்படும் புகழுரைகள் வரலாறாகா.

அவருடைய மிகச் சிறந்த பணி ஆவணத் தேடலாகும். கார்ட்னருக்குத் தீக்கை அளித்ததாகக் கூறப்பட்ட டோரத்தி கிளட்டர்பக் வெறும் கற்பனையே என்று அமெரிக்க வரலாற்றாசிரியர் ஜெஃப்ரி ரஸ்ஸல் கருதியிருந்தார். வாலியென்டே 1980 முதல் பதிவேடுகளைத் துழாவி, டோரத்தி 1880இல் பிரித்தானிய இந்தியாவில் ஒரு படை அதிகாரியின் மகளாகப் பிறந்து, நியூ ஃபாரஸ்ட் அருகே வாழ்ந்து மறைந்த உண்மையான பெண்மணி என்று நிறுவினார். அப்பெண்மணி சூனியச் சமயத்தினர் என்பதை அப்பதிவேடுகள் மெய்ப்பிக்கவில்லை. ஆனால் பதிவேட்டைப் பதிவேட்டால் எதிர்கொள்ளும் முறை அச்சமயத்துக்குள் அப்போதுதான் நுழைந்தது. 1989இல் வெளியான அவருடைய வரலாற்று நூலில், எவை கார்ட்னர் எழுதியவை, எவை குரோலியுடையவை, எவை தாம் எழுதியவை என்று அவரே பிரித்துக் காட்டினார். மர்ரேயின் கொள்கையை நம்பி வளர்ந்த ஒருவர், அந்நம்பிக்கையின் அடித்தளத்தைத் தம் கையாலேயே தோண்டிக் காட்டியது, பின்னர் எழுதிய ரொனால்டு ஹட்டன் போன்ற வரலாற்றாசிரியர்களுக்குப் பெருந்துணையாயிற்று.

வாலியென்டே 1999 செப்டம்பர் 1ஆம் நாள் பிரைட்டன் நகரில் காலமானார். நகராட்சி அடுக்குமாடியில் அவர் குடியிருந்த கட்டடத்தில் 2013இல் நினைவுப் பலகை பதிக்கப்பட்டது. அவர் வெளிப்படையாக எழுத வழிவிட்ட 1951ஆம் ஆண்டுச் சட்டமும் 2008இல் நீக்கப்பட்டது. அன்று முதல் பிரிட்டனில் கட்டணம் பெற்றுச் சீட்டுக்குறி சொல்வோர், ஏனைய வணிகர்களைப் போலவே நுகர்வோர் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டவராயினர்.