உறையும் டீசல்

தொப்பூர்க் கணவாயில் லாரிகள் முக்கி முனகி ஏறுவதைக் கண்டிருப்பீர்கள். அதே 44ஆம் எண் நெடுஞ்சாலையில் ஸ்ரீநகர் போய், கிழக்கே மலையேறினால் லடாக். இங்கே தண்ணீராய் ஓடும் டீசல், அங்கே குளிர்காலத்தில் கூழாகிவிடும். ஏன்? டீசலில் கரைந்துள்ள பாரஃபின் மெழுகு, குளிரில் படிகமாகி வடிகட்டியை அடைத்துவிடுகிறது.

முன்பெல்லாம் குளிர்நாட்டு ஓட்டுநர்கள் டாங்கியின் அடியில் தீ மூட்டினர், அது ஆபத்து. மண்ணெண்ணெய் கலந்தனர், அது மசகுத் தன்மையைக் குறைத்துப் பம்பைத் தேய்த்தது.

பின்னர் வேதியியலார் வேறு வழி கண்டனர். சிறிதளவே சேர்க்கும் ஒரு பொருள், மெழுகுப் படிகங்களைப் பெரிதாக வளரவிடாமல் தடுக்கிறது; சிறு படிகங்கள் வடிகட்டியைக் கடந்துவிடும். ஆனால் உறைந்தபின் ஊற்றினால் பயனில்லை. முன்கூட்டியே கலக்க வேண்டும்.

2019 நவம்பரில், மைனஸ் 33 டிகிரி செல்சியஸ் வரை உறையாத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் லடாக்கில் அறிமுகப்படுத்தியது. தொப்பூர் லாரிக்கு இந்த மருந்து வேண்டாம். இங்கே அந்த நோயே இல்லை!