கண்டிப் பாறைகளில் கார்னட்

கண்டிப் பக்கம் வீதிக்காக வெட்டிய மலைச்சரிவில் சிவப்புப் புள்ளிகளைக் கண்டால் நின்றுவிடுவேன். அவை கார்னட். (கோமேதகமும் கார்னட் இனம்தான், ஆனால் கல்சியம் மிகுந்தது. இவற்றில் மிகுவது இரும்பும் மக்னீசியமும்.) சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்ட்வானா கண்டம் ஒன்றுசேர்ந்த காலத்தில், பழைய களிமண் படிவுகள் 20 கிலோமீற்றருக்கும் கீழே புதைந்து, 800 பாகை செல்சியஸ் அளவில் வெந்தபோது விளைந்தவை.

வெப்பம் ஏற ஏற கார்னட்டில் மக்னீசியத்தின் பங்கு கூடும். ஆனால் அதை மட்டும் அளந்து வெப்பத்தைச் சொல்லிவிட முடியாது. ஒட்டியிருக்கும் கறுப்பு மைக்காவோடு ஒப்பிட வேண்டும். குறைந்த வெப்பத்தில் வளர்ந்த கார்னட்டின் நடுவில் மங்கனீசு செறிந்து, மரவளையம்போல வளர்ச்சி பதிந்திருக்கும். எங்கள் பாறைகளிலோ கடும் வெப்பம் அந்த வளையங்களைப் பெரும்பாலும் அழித்துவிட்டது. மிஞ்சியது விளிம்பில்தான்: பாறை ஆறியபோது இரும்பு கூடிய மெல்லிய ஓரம். கல்லைப் பட்டை தீட்டினால் முதலில் போவதும் அந்த ஓரம்தான்.