வால்மீன் தூசியின் அகச்சிவப்பு நிறமாலையியல்

வால்மீன் தூசி உமிழும் வெப்பக் கதிர்களை அலைநீளவாரியாகப் பிரித்து, அதிலுள்ள கனிமங்களைக் கண்டறியும் முறை இது. சூரியக் குடும்பம் தோன்றிய காலத்துப் பொருள் வால்மீன்களின் பனிக்கட்டியில் பெரிதும் மாறாமல் உறைந்திருப்பதால், கோள்கள் பிறந்த சூழலை அறிய இம்முறை பெரிதும் உதவுகிறது.

அடிப்படை

சூரிய ஒளியில் சூடேறும் தூசி, அகச்சிவப்புக் கதிர்களை வெளியிடுகிறது. சிலிக்கேட் கனிமங்களில் சிலிக்கான்-ஆக்சிஜன் பிணைப்பு நீண்டு சுருங்கும் அதிர்வு 10 மைக்ரோமீட்டர் அருகே ஒரு பட்டையையும், பிணைப்புக் கோணம் வளையும் அதிர்வு 18-20 மைக்ரோமீட்டர் அருகே மற்றொன்றையும் தோற்றுவிக்கின்றன. படிகமற்ற சிலிக்கேட்டின் பட்டை அகன்று, வழவழப்பாக இருக்கும். படிக சிலிக்கேட்டோ கூரிய முகடுகளைக் காட்டும். மக்னீசியம் மிகுந்த ஆலிவினான ஃபார்ஸ்டரைட்டுக்கு 11.2, 19.5, 23.5, 33.5 மைக்ரோமீட்டர் அருகே முகடுகள் உண்டு. சுமார் ஒரு மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவும் அளவுள்ள துகள்களில் 10 மைக்ரோமீட்டர் பட்டை எடுப்பாகத் தெரியும். துகள் பெருக்கப் பெருக்க அது மங்கும்.

வளர்ச்சி

வால்மீனில் சிலிக்கேட் பட்டை முதலில் 1970இல் பென்னட் வால்மீனில் காணப்பட்டது. 1974இல் கொஹூடெக் வால்மீனின் தலையிலும் வாலிலும் இப்பட்டை தெரிந்தது, சூரியனை நோக்கி நீள்வதுபோல் தோன்றும் எதிர்வாலில் தெரியவில்லை. எதிர்வாலில் பெரிய துகள்களே இருந்தன என்பது இதனால் புலப்பட்டது. 1986இல் ஹாலி வால்மீனின் நிறமாலையில் 11.3 மைக்ரோமீட்டர் அருகே படிக ஆலிவினின் முகடு அடையாளம் காணப்பட்டது. நிலத்திலுள்ள தொலைநோக்கிகளுக்கு வளிமண்டலம் 8-13 மைக்ரோமீட்டர் இடைவெளியைத்தான் பெரும்பாலும் திறந்துவிடுகிறது. இத்தடையைக் கடந்த ஐரோப்பாவின் ஐஎஸ்ஓ விண்தொலைநோக்கி, 1996இல் ஹேல்-பாப் வால்மீனில் ஃபார்ஸ்டரைட்டின் முகடுகளை வரிசையாகப் பதிவு செய்தது. 2005 ஜூலை 4 அன்று டீப் இம்பாக்ட் கலத்தின் மோதுகலம் டெம்பல் 1 வால்மீனில் மோதியபோது கிளம்பிய தூசியை ஸ்பிட்சர் தொலைநோக்கி ஆராய்ந்தது.

முக்கியத்துவம்

விண்மீன்களுக்கு இடையிலுள்ள சிலிக்கேட் தூசி ஏறத்தாழ முழுவதும் படிகமற்றது. அது படிகமாக ஏறக்குறைய 1,000 கெல்வின் வெப்பம் தேவை. அந்த வெப்பத்தில் வால்மீனின் பனி நிலைக்காது. எனவே, இளம் சூரியனுக்கு அருகே உருவான படிகங்கள் வெளிப்புறக் குளிர்ப்பகுதிக்கு நகர்ந்து பனியோடு கலந்தன என்ற கருத்து வலுப்பெற்றது. ஸ்டார்டஸ்ட் கலம் வைல்ட் 2 வால்மீனிலிருந்து 2006இல் பூமிக்குக் கொண்டுவந்த துகள்களில், உயர்வெப்பத்தில் உருவாகும் கனிமங்கள் நேரடியாகவே கிடைத்தன.

வரம்புகள்

படிகமற்ற கார்பன் தெளிவான பட்டை எதையும் தராததால், அதன் அளவை மாதிரிக் கணக்கீடுகளால் மட்டுமே ஊகிக்க முடியும். பெரிய துகள்களின் கனிமங்களும் எளிதில் பிடிபடா. ஆயினும் கலம் அனுப்பிக் கைப்பற்ற இயன்ற வால்மீன் தூசி மிகச் சிறிது. எனவே மற்ற வால்மீன்களின் கனிமங்களை அறிய அகச்சிவப்பு நிறமாலையே முதன்மையான வழி.