பின்னோக்கி ஓடிய மைல்கள்

கி.மு. முதல் நூற்றாண்டில் ரோமானியப் பொறியாளர் விட்ருவியஸ் ஒரு வண்டியை விவரித்தார். அதன் சக்கரம் 400 முறை சுழன்றால் ஒரு மைல். உடனே ஒரு கூழாங்கல் வெண்கலப் பாத்திரத்தில் 'டங்' என்று விழும். கற்களை எண்ணினால் தூரம் தெரியும். யாராவது சில கற்களை எடுத்துவிட்டால்?

அதே தொல்லைதான் மோட்டார் காருக்கும் வந்தது. கற்களுக்குப் பதில் தூரமானியில் எண் உருளைகள். அவற்றையும் பின்னுக்குத் திருப்பினார்கள். நீங்கள் வாங்கும் கார் 80,000 மைல் ஓடியது, காட்டுவதோ 30,000 என்று வைத்துக்கொள்வோம். விலை ஏறும், தேய்ந்த எஞ்சின் புதிதாகுமா?

அமெரிக்காவில் 1972-ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம் இதைத் தடைசெய்தது. விற்பவர் ஓடிய தூரத்தை எழுதித் தரவேண்டும். எண் தவறென்று தெரிந்தால் அதையும் சொல்லவேண்டும். ஏமாற்றும் நோக்கம் மெய்ப்பிக்கப்பட்டால், வாங்கியவருக்கு நட்டத்தைப்போல் மூன்று மடங்கு அல்லது 1,500 டாலர், எது அதிகமோ அது கிடைக்கும். வக்கீல் செலவும் உண்டு.

ஆனால் தனித்தாள் எளிதில் காணாமற்போகும் அல்லவா? எனவே 1986-இல் வந்த சட்டம் அந்த எண்ணை வண்டியின் உரிமைப் பத்திரத்திலேயே எழுதவைத்தது. 2012-இல் 1,500 டாலர் 10,000 ஆயிற்று. இன்றைய மின்னணுத் தூரமானியில் உருளையே இல்லை. கருவியை இணைத்து, நினைவகத்தில் உள்ள எண்ணையே மாற்றிவிடுகிறார்கள்.