சொந்த மண்ணில் ஆடாத அணி: ஆப்கானிஸ்தான் கிரிக்கெட்டின் கால் நூற்றாண்டு

ஐ.சி.சி. எனப்படும் சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் 2017 ஜூன் 22 அன்று ஆப்கானிஸ்தானையும் அயர்லாந்தையும் முழு உறுப்பினர்களாக ஏற்றது. அதற்குப் பிறகு வேறெந்த நாட்டுக்கும் அந்தத் தகுதி கிடைக்கவில்லை. இங்கிலாந்து, பாகிஸ்தான், இலங்கை, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஐந்து நாடுகளையும் உலகக்கோப்பைப் போட்டிகளில் ஆப்கானியர்கள் வீழ்த்திவிட்டார்கள். ஆனால் ஒரு சர்வதேசப் போட்டியைக்கூட அவர்கள் தங்கள் நாட்டில் நடத்தியதில்லை. ஷார்ஜா, கிரேட்டர் நொய்டா, டேராடூன், லக்னோ என்று சொந்த மைதானம் என்று சொல்லிக்கொள்ளும் இடம் மட்டும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 2024 செப்டம்பரில் கிரேட்டர் நொய்டாவில் நியூசிலாந்துக்கு எதிராக அவர்கள் நடத்தவிருந்த டெஸ்ட், ஈரம் காயாத தரையாலும் மழையாலும் ஒரு பந்துகூட வீசப்படாமல் ஐந்து நாளும் போய்விட்டது. வாடகை வீட்டில் கல்யாணம் வைத்தவர் நிலைதான்.

இந்த வரலாற்றை வெற்றிக் கதையாக எழுதுவது எளிது, பலரும் எழுதிவிட்டார்கள். நாட்டுக்கு வெளியே பிறந்து, வெளியே வளர்ந்து, வெளியிலேயே அங்கீகாரம் பெற்ற அணி இது என்ற உண்மையைப் பிடித்துக்கொண்டு படித்தால், இன்று அந்நாட்டுப் பெண்கள் அணியைச் சுற்றி நடக்கும் வாதம் வேறு மாதிரித் தெரியும்.

முதல் ஆங்கில–ஆப்கன் போரின்போது, 1839இல், காபூலில் பிரிட்டிஷ் படையினர் கிரிக்கெட் ஆடியதாகச் சொல்வார்கள். ஆடியிருக்கலாம். இந்தியாவில் போல அங்கே அது வேர்விடவில்லை. வேர் வந்தது கிழக்கே, எல்லைக்கு அப்பாலிருந்து. 1979 டிசம்பரில் சோவியத் படைகள் நுழைந்ததும் லட்சக்கணக்கான குடும்பங்கள் கைபர் கணவாய் கடந்து பாகிஸ்தானுக்குள் வந்தன. பெஷாவரைச் சுற்றி எழுந்த முகாம்களில் ஒன்று கச்சா கர்ஹி. மண் சுவர் வீடுகளுக்கு நடுவே கிடைத்த திட்டில் பிள்ளைகள் ஆடத் தொடங்கினார்கள். 1992இல் இம்ரான் கானின் அணி மெல்போர்னில் உலகக்கோப்பையை வென்றபோது அந்தப் பித்து இரட்டிப்பாயிற்று. இம்ரானும் பஷ்தூன் வழி வந்தவர் என்பது முகாம்களில் சின்ன விஷயமாக இருந்திருக்காது.

அங்கே ஆடப்பட்டது டேப் பந்து கிரிக்கெட். டென்னிஸ் பந்தின் மேல் மின்வேலைக்குப் பயன்படுத்தும் இன்சுலேஷன் டேப்பை இறுக்கிச் சுற்றிவிடுவார்கள். ரப்பரின் துள்ளல் அடங்கும். பந்து வழுவழுப்பாகிக் காற்றில் வேகமாகப் போகும். நம் தெருக்களில் ரப்பர் பந்து ஆடியவர்களுக்கு இதில் பாதி புரியும். தோல் பந்தின் தையலைப் பிடித்துச் சுழற்றும் வித்தைக்கு இங்கே இடமில்லை. கனமில்லாத பந்து என்பதால் கையை வேகமாக வீசினால்தான் எதிராளியை ஏமாற்ற முடியும். ஆப்கன் லெக் ஸ்பின்னர் ரஷீத் கான் ஓடிவரும் வேகத்தையும், தோள் சுற்றும் விரைவையும், லெக் ஸ்பின்னுக்கும் கூக்ளிக்கும் வித்தியாசம் தெரியாத அந்தக் கை அமைப்பையும் பார்க்கும்போது, நிதானமாகப் பந்தை மிதக்கவிடும் பழைய லெக் ஸ்பின் மரபிலிருந்து இது வரவில்லை என்று தோன்றும். தெருவிலிருந்து வந்த கலை என்றே நான் எண்ணுகிறேன்.

முகாமில் வளர்ந்த தாஜ் மாலிக், விளையாடத் தெரிந்தவர்களைத் தேடிப் பிடித்து ஓர் அணியாக்கினார். 1995இல் ஆப்கன் கிரிக்கெட் கூட்டமைப்பு உருவானது. அடுத்த ஆண்டே காபூல் தாலிபான் கையில் விழுந்தது. பல விளையாட்டுகளை வெறுத்த அந்த ஆட்சி, 2000இல் கிரிக்கெட்டை அனுமதித்தது. உடலை முழுக்க மூடிய உடை காரணமா, முகாம்களில் வளர்ந்த அவர்களுடைய சொந்தப் பிள்ளைகளே இதை ஆடியது காரணமா என்று ஆய்வாளர்கள் வாதிடட்டும். 2001இல் ஐ.சி.சி. ஆப்கானிஸ்தானைச் சார்பு உறுப்பினராகச் சேர்த்தபோது காபூலை ஆண்டது தாலிபான்தான் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அது தேவைப்படும்.

அந்த ஆண்டு அக்டோபரில் அமெரிக்க விமானங்கள் குண்டு போடத் தொடங்கிய நாட்களில், ஆப்கன் அணி பாகிஸ்தானில் இரண்டாம் தரப் போட்டித் தொடர் ஆடிக்கொண்டிருந்தது.

உண்மையான ஏற்றம் 2008இல் தொடங்குகிறது. பிரான்சுக் கரையோரம் இருக்கும் ஜெர்சி என்ற சின்னத் தீவில் உலக கிரிக்கெட் லீகின் ஐந்தாம் பிரிவு. இறுதியாட்டத்தில் எதிரணி ஜெர்சியே. ஹமீத் ஹசனின் வேகத்தில் அவர்கள் 80 ரன்னுக்குச் சுருண்டார்கள். துரத்திய ஆப்கானியர்கள் மளமளவென்று விக்கெட்டுகளைக் கொடுத்து, எட்டுப் பேரை இழந்து, தட்டுத் தடுமாறித்தான் 81ஐ எட்டினார்கள். அன்று இன்னும் இரண்டு விக்கெட் விழுந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது. அதே ஆண்டு தான்சானியாவில் நான்காம் பிரிவை வென்றார்கள். 2009 ஜனவரியில் புவனோஸ் அயர்ஸில் மூன்றாம் பிரிவு. ஏப்ரலில் தென்னாப்பிரிக்காவில் உலகக்கோப்பைத் தகுதிச் சுற்று. உலகக்கோப்பை இடம் தவறினாலும் ஒருநாள் போட்டித் தகுதி கிடைத்தது. முதல் ஒருநாள் போட்டியில் ஸ்காட்லாந்தை பெனோனியில் 89 ரன்னில் வென்றார்கள். ஜெர்சியிலிருந்து இங்கே வர ஓராண்டுகூட ஆகவில்லை.

இதை வீரத்தின் கணக்கில் மட்டும் எழுதுவது முறையாகாது. அந்தக் காலத்தில் ஏணி ஒன்று இருந்தது. ஐந்தாம் பிரிவில் ஜெயித்தால் நான்கு, நான்கில் ஜெயித்தால் மூன்று என்று களத்தில் ஆடியே மேலே வரலாம். யாருடைய தயவும் தேவையில்லை. பாகிஸ்தானின் முன்னாள் வேகப்பந்து வீச்சாளர் கபீர் கான் போன்ற பயிற்சியாளர்கள் கிடைத்தார்கள். பிறகு 2019 உலகக்கோப்பையைப் பத்து அணிகளோடு ஐ.சி.சி. சுருக்கிக்கொண்டது, பிரிவு ஏணியும் அதே ஆண்டில் கலைக்கப்பட்டு வேறு வடிவம் பெற்றது. ஆப்கானிஸ்தான் ஏறி முடித்ததும் ஏணியை எடுத்துவிட்டார்கள் என்று நேபாள ரசிகர் ஒருவர் முணுமுணுத்தால் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

2010இல் இருபது ஓவர் உலகக்கோப்பை, அதே ஆண்டு குவாங்சோ ஆசிய விளையாட்டில் பாகிஸ்தானை அரையிறுதியில் வென்று வெள்ளி. 2015 பிப்ரவரி 26, டுனெடினில் ஸ்காட்லாந்தின் 210ஐத் துரத்தும்போது 97க்கு ஏழு. சமியுல்லா ஷின்வாரி 96 எடுத்து ஆட்டமிழந்தபோது கடைசி ஜோடிக்கு இன்னும் 19 ரன் தேவைப்பட்டது. மூன்று பந்து மிச்சமிருக்க ஷாபூர் ஸத்ரான் காலடியில் வந்த பந்தை எல்லைக்குத் தட்டிவிட்டு, நீண்ட தலைமுடி பறக்க ஓடிய ஓட்டத்தைக் கிரிக்கெட் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஐம்பது ஓவர் உலகக்கோப்பையில் அதுவே அவர்களின் முதல் வெற்றி. 2016 இருபது ஓவர் உலகக்கோப்பையில், நாக்பூரில் மேற்கிந்தியத் தீவுகளை ஆறு ரன்னில் தோற்கடித்தார்கள். அந்தத் தொடரில் கோப்பையை வென்ற அணி அது.

முழு உறுப்பினரான பின் முதல் டெஸ்ட், 2018 ஜூனில் பெங்களூருவில், இந்தியாவுக்கு எதிராக. இரண்டே நாளில், 109, 103 என்று இருமுறை சுருண்டு, இன்னிங்ஸ் மற்றும் 262 ரன்னில் தோல்வி. டெஸ்டுக்கான பொறுமை முகாமில் கற்கக் கிடைத்த பாடமன்று. ஆனாலும் 2019 மார்ச்சில் டேராடூனில் அயர்லாந்தையும், செப்டம்பரில் சட்டோகிராமில் வங்கதேசத்தை 224 ரன்னிலும் வென்றார்கள். இரண்டாவதில் தலைவர் ரஷீத் கான், வயது இருபது. அந்த ஒரே ஆட்டத்தில் 11 விக்கெட், ஓர் அரைசதம்.

சென்னைக்காரர்களுக்கு இந்த வரலாற்றில் ஓர் இரவு சொந்தமாகிவிட்டது. 2023 அக்டோபர் 23, சேப்பாக்கம். எட்டு நாள் முன்பு டெல்லியில் இங்கிலாந்தை 69 ரன்னில் வீழ்த்திவிட்டு வந்திருந்தார்கள். இங்கே எதிரி பாகிஸ்தான். ஒருநாள் போட்டியில் அதுவரை அவர்களை ஒருமுறைகூட வென்றதில்லை. நம் ஆடுகளத்தைப் படித்துவிட்டு வேகப்பந்து வீச்சாளர் பஸல்ஹக் பரூக்கியை வெளியே உட்காரவைத்தார்கள். முஜீப், ரஷீத், நபியோடு நான்காவது சுழலாக நூர் அகமது என்ற பதினெட்டு வயது இடக்கைப் பையனை இறக்கினார்கள். அவன் கையை விட்டுப் பந்து வரும்போது அது எந்தப் பக்கம் திரும்பும் என்று பாபர் ஆஸமுக்குத் தெரியவில்லை, ரிஸ்வானுக்கும் தெரியவில்லை. அப்துல்லா ஷபீக்கையும் சேர்த்து மூன்று பெரிய விக்கெட்டுகள். பாகிஸ்தான் எடுத்தது 282. அது போதும் என்றுதான் அரங்கில் பலரும் நினைத்திருப்பார்கள். குர்பாஸும் இப்ராஹிம் ஸத்ரானும் முதல் விக்கெட்டுக்கு 130 சேர்த்தார்கள். பின்பு ரஹ்மத் ஷாவும் தலைவர் ஹஷ்மதுல்லாவும் அவசரமே காட்டாமல், ஒன்றும் இரண்டுமாகச் சேர்த்து ஆறு பந்து மிச்சமிருக்க முடித்தார்கள். இரண்டே விக்கெட் இழப்பு. 1999இல் இந்தியாவைத் தோற்கடித்த பாகிஸ்தானுக்கு எழுந்து நின்று கைதட்டிய மைதானம் இது. அன்றிரவு ஆப்கானியர்கள் அரங்கைச் சுற்றி வந்தபோதும் அதே கைதட்டல்.

ஆட்டநாயகன் விருதைப் பெற்ற இப்ராஹிம், பாகிஸ்தானிலிருந்து ஆப்கானிஸ்தானுக்குத் திருப்பி அனுப்பப்படும் தன் மக்களுக்கு அதைக் காணிக்கையாக்கினார். ஆவணமில்லாத வெளிநாட்டவர்கள் நவம்பர் 1க்குள் வெளியேற வேண்டும் என்று பாகிஸ்தான் அரசு அறிவித்திருந்த வாரங்கள் அவை. எந்த நாட்டின் முகாமில் அந்த ஆட்டத்தை அவருடைய மூத்தவர்கள் கற்றார்களோ, அந்த நாட்டைத்தான் அவர் அன்று தோற்கடித்திருந்தார். நூர் அகமது பிறகு சென்னை சூப்பர் கிங்ஸின் மஞ்சள் உடையில் இதே சேப்பாக்கத்துக்கு வந்தார், 2025 ஐ.பி.எல். தொடரில் 24 விக்கெட்.

மற்ற வெற்றிகளை விரைவாகவே கடக்கலாம். 2024 இருபது ஓவர் உலகக்கோப்பையில் நியூசிலாந்தை 75க்குச் சுருட்டினார்கள். ஆஸ்திரேலியாவை 21 ரன்னில் வென்றார்கள். வங்கதேச ஆட்டத்தில் மழை நெருங்க, பயிற்சியாளர் ஜொனதன் ட்ராட் வெளியிலிருந்து 'மெதுவாக' என்று சைகை காட்டினார். ஸ்லிப்பில் நின்ற குல்பதின் நைப் காலைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். நாடகம் என்று உலகமே சிரித்தது. ஆனால் வென்று அரையிறுதிக்குப் போனார்கள். அங்கே தென்னாப்பிரிக்காவிடம் 56க்கு ஆட்டமிழந்தார்கள். 2025 பிப்ரவரியில் லாகூரில் இப்ராஹிமின் 177, இங்கிலாந்துக்கு மீண்டும் தோல்வி.

அந்த லாகூர் ஆட்டத்தைப் புறக்கணிக்க வேண்டும் என்று ஜனவரியிலேயே நூற்று அறுபதுக்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் அரசியல்வாதிகள் கையெழுத்திட்டுக் கேட்டிருந்தார்கள். காரணம், தாலிபான் மீண்டும் காபூலைப் பிடித்த 2021 ஆகஸ்ட் 15. அதற்கு ஒன்பது மாதம் முன்பு, 2020 நவம்பரில், ஆப்கன் வாரியம் 25 பெண்களுக்கு ஒப்பந்தம் கொடுத்திருந்தது. தாலிபான் திரும்பியதும் பெண்களுக்குப் பள்ளி, கல்லூரி, வேலை, விளையாட்டு என்று ஒவ்வொரு கதவாக அடைபட்டது. வீராங்கனைகள் பலர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு தப்பினார்கள். முன்னாள் ஆஸ்திரேலிய வீராங்கனை மெல் ஜோன்ஸ் உள்ளிட்டோரின் முயற்சியால் பெரும்பாலோர் ஆஸ்திரேலியா சேர்ந்தார்கள்.

ஆஸ்திரேலிய வாரியம் இதைக் காரணம் காட்டி ஆப்கன் ஆடவர் அணியோடு இருதரப்புத் தொடர்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிவைத்தது. ஆனால் உலகக்கோப்பையில் எதிரே வந்தால் ஆடியது. இரண்டு புள்ளி போகும் இடத்தில் மட்டும் கொள்கை இளகிப்போவதை நான் மதிக்க முடியவில்லை. மறுபுறம், ஆடவர் அணியைத் தண்டிப்பதும் எளிய வழிதான். 2024 டிசம்பரில் பெண்களின் மருத்துவக் கல்விக்குத் தடை வந்தபோது ரஷீத் கானும் முகமது நபியும் வெளிப்படையாக எதிர்த்து எழுதினார்கள். குடும்பமும் உறவும் அந்நாட்டில் இருக்கும்போது அது லேசான காரியமில்லை. அந்த அணி இன்றும் பழைய கறுப்பு, சிவப்பு, பச்சைக் கொடியின் கீழேதான் களமிறங்குகிறது. அதே அணி வென்றால் தாலிபான் வெளியுறவு அமைச்சர் காணொலியில் அழைத்து வாழ்த்துகிறார்.

2024இல் பதினேழு வீராங்கனைகள் ஐ.சி.சி.க்குக் கடிதம் எழுதினார்கள். ஆப்கானிஸ்தானின் தேசிய அணி என்ற பெயரை அவர்கள் கேட்கவில்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து இயங்கும் அகதி அணியாகத் தங்களை அமைக்க உதவுங்கள் என்பதுதான் கோரிக்கை. 2025 ஜனவரி 30 அன்று மெல்போர்னின் ஜங்ஷன் ஓவல் மைதானத்தில், நஹிதா சபன் தலைமையில், நாடு தாண்டிய பின் முதன்முறையாக ஒன்றாக ஆடினார்கள், தோற்றார்கள். ஏப்ரலில் இந்தியா, இங்கிலாந்து, ஆஸ்திரேலிய வாரியங்களோடு சேர்ந்து இவர்களுக்கு நிதியும் பயிற்சியும் தருவதாக ஐ.சி.சி. அறிவித்தது. அணி என்ற அந்தஸ்து அந்த அறிவிப்பில் இல்லை. அங்கீகாரம் நாட்டு வாரியத்தின் வழியாகத்தான் வரவேண்டும் என்பது விதி. வாரியமோ நாட்டு அரசை மீற முடியாது.

2001இல் சார்பு உறுப்பினராகச் சேர்ந்த ஆடவர் அணியில் பலரும் பெஷாவர் முகாம்களில் வளர்ந்தவர்கள். தங்கள் நாட்டில் அவர்கள் ஆட ஒழுங்கான மைதானம்கூட அன்று கிடையாது. காபூலில் அன்றும் தாலிபான். அப்போது ஐ.சி.சி. வழி கண்டுபிடித்தது. ஆவணம் அவர்கள் அலுவலகத்திலேயே இருக்கும்.