தாம்பரம் வட்டார இருளர்களின் வேட்டை உணவு

தாம்பரம், வண்டலூர் தொடங்கித் தெற்கே செங்கல்பட்டு, மாமல்லபுரம் வரையிலான சமவெளியில் வாழும் பழங்குடியினருள் முக்கியமானவர்கள் இருளர். பாம்பு பிடிப்பவர்கள் என்றே வெளியுலகம் இவர்களை அறியும். வேட்டைக்குப் போகும் இருளர் நாள் முழுதும் எதை உண்டு நடந்தார் என்பது அதிகம் எழுதப்படவில்லை. செலவில்லாமல் உடலுக்குத் தெம்பு தரும் உணவைத் தேர்ந்தெடுப்பதில் அவர்களிடம் ஒரு தெளிவான கணக்கு இருந்தது.

இப்பகுதியில் வேட்டை மிகப் பழமையானது. 1863 மே 30 அன்று நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கைக்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியத் தொல்பழங்கால ஆய்வு அந்தக் கல்லிலிருந்துதான் தொடங்கியது. ஆனால் கல் உணவைப் பற்றிப் பேசாது. அதற்கு இலக்கியத்திடம்தான் போக வேண்டும்.

காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை, தொண்டைநாட்டு எயினர் என்னும் வேட்டுவரின் சமையலை விரிவாகச் சொல்கிறது. எயினப் பெண்கள் இரும்புப் பூண் போட்ட கோலால் நிலத்தைக் கிண்டிப் புல்லரிசி எடுக்கிறார்கள். அதை நிலவுரலில் குற்றி, உவர்நீரில் சமைத்து, உலர்ந்த இறைச்சியோடு பரிமாறுகிறார்கள். இன்னோர் இடத்தில் சிவந்த சோற்றோடு, நாய் பிடித்துவந்த சினை உடும்பின் பொரியல் வருகிறது. உடும்பு என்று மட்டும் சொல்லாமல் முட்டையோடு கூடிய உடும்பு என்று புலவர் குறிப்பிடுவதைக் கவனிக்கலாம். முட்டையிலும் கொழுப்பு இருக்கிறது. எயினரின் வழிவந்தவர்களே இருளர் என்று இதைக்கொண்டு நிறுவ முடியாது. ஆனால் அதே நிலம், அதே கடப்பாரை, ஏறக்குறைய அதே உணவு.

ஒரு கிராம் மாவுச்சத்தோ புரதமோ சுமார் 4 கிலோகலோரி ஆற்றல் தரும். ஒரு கிராம் கொழுப்பு 9 கிலோகலோரி தரும். முயல் போன்ற காட்டு விலங்குகளின் இறைச்சியில் கொழுப்பு மிகக் குறைவு. அதை மட்டும் வாரக்கணக்கில் தின்றால், வயிறு நிறைந்தும் உடல் மெலியும். வடதுருவப் பகுதிகளில் பயணம் செய்தவர்கள் இதை ‘முயல் பட்டினி’ என்றார்கள். அதனால்தான் வட அமெரிக்கப் பழங்குடியினர் உலர்ந்த இறைச்சிப் பொடியில் உருக்கிய கொழுப்பைக் கலந்து ‘பெமிக்கன்’ செய்து தோற்பைகளில் கொண்டுபோனார்கள். குளிர்நாட்டில் அது மாதக்கணக்கில் கெடாது. நம் வெயிலுக்கு அந்த வழி அவ்வளவாகப் பொருந்தாது. இருளரின் வழி வேறு: உணவைச் சுமந்து போவதைவிட, போகும் வழியிலேயே எடுத்துக்கொள்வது.

அதில் முதன்மையானது வயல் எலி. அறுவடை முடிந்ததும் வரப்புகளில் வளை தேடுவார்கள். அடியில் துளையிட்ட மண்பானையில் வைக்கோலைத் திணித்துத் தீமூட்டி, பானையின் வாயை வளையோடு பொருத்தி, துளை வழியே வாயால் ஊதிப் புகையை உள்ளே செலுத்துவார்கள். மற்ற வழிகள் மண்ணால் அடைக்கப்பட்டிருக்கும். எலி மயங்கியதும் தோண்டி எடுப்பார்கள். ஊதுபவரின் நெஞ்சுக்குள்ளும் அந்தப் புகை போகும் என்பதையும் சொல்ல வேண்டும். வளைக்குள் எலி சேர்த்துவைத்த நெல்லும் கிடைக்கும். சில வளைகளில் அது கிலோக்கணக்கில் இருக்கும். எனவே ஒரே குழியில் கறியும் சோறும் கிடைத்துவிடும். எலியை ஒழித்ததற்காக நிலக்காரரிடம் கூலியும் கிடைக்கலாம்.

இரண்டாவது ஈசல். மழைக்காலத் தொடக்கத்தில் புற்றருகே குழி தோண்டி, மேலே விளக்கு வைத்தால் ஈசல்கள் வந்து விழும். இறகு நீக்கி, வறுத்து, பொரித்த அரிசியோடு கலந்து வைத்துக்கொள்வார்கள். உலர்ந்த ஈசலின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கொழுப்பாக இருப்பதுண்டு. எலிக்கறியிலும் முயற்கறியிலும் இல்லாதது இதில் இருக்கிறது. மடியில் முடிந்துகொண்டு நடந்தபடியே தின்னலாம். பெமிக்கனுக்கு இணையாக நம்மிடம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். ஈசல் உணவு இருளருக்கு மட்டும் உரியதும் அல்ல. பாரியின் பறம்பு நாட்டை நினைவுகூரும் புறநானூற்று 119ஆம் பாடலில், புளித்த மோரில் ஈசல் சேர்த்த உணவு வருகிறது. காட்டு வள்ளிக்கிழங்கு, தேன், நண்டு, நத்தை ஆகியவை பருவத்துக்கேற்பச் சேர்ந்துகொள்ளும்.

இந்த ஏற்பாடு சில பத்தாண்டுகளில் குலைந்தது. 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடைசெய்தது. உடும்பையும் முயலையும் தொட்டால் இன்று வழக்கு வரும். அந்தச் சட்டத்தின் தீங்குயிர்ப் பட்டியலில் இருந்த எலிக்கு மட்டும் அன்று தடையில்லை. 1976இல் பாம்புத்தோல் ஏற்றுமதி நின்றதும் கைக்காசு வரும் வழியும் அடைபட்டது. 1978இல், ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியோடு, வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் உருவானது. பாம்பைக் கொல்லாமல் நஞ்சை எடுத்து, மீண்டும் காட்டில் விடுவது அதன் முறை. 2017இல் சங்க உறுப்பினர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் மலைப்பாம்பு பிடிக்க அமெரிக்காவின் புளோரிடா வரை அழைக்கப்பட்டார்கள். 2023இல் இருவரும் பத்மஸ்ரீ பெற்றார்கள்.

கூட்டுறவுச் சங்கம் வேட்டைத் திறனுக்குக் கூலி வாங்கித் தந்தது; வேட்டை உணவைத் திருப்பித் தரவில்லை. வண்டலூர்க் காட்டின் ஒரு பகுதியில் 1985இல் உயிரியல் பூங்கா திறக்கப்பட்டது. சேலையூர், மாடம்பாக்கம், முடிச்சூர்ப் பக்கத்து ஏரிப்பாசன வயல்கள் வீட்டுமனைகளாயின. வயல் போனதும் வளை போயிற்று, வளையோடு நெல்லும் போயிற்று. 2011 ஜூன் முதல் ரேஷன் கடையில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. இது பெரிய உதவிதான்; பசி தணிந்தது. ஆனால் அட்டைக்குக் கிடைப்பது பெரும்பாலும் மாவுச்சத்து. வளையும் புற்றும் இலவசமாகத் தந்த கறியையும் கொழுப்பையும் இப்போது கடையில் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். தினக்கூலியில் முதலில் குறைவதும் அந்தச் செலவுதான்.