இரண்டு சுண்டெலிகளும் ஒரு வயிற்று வலியும்

1952-ம் ஆண்டு. அமெரிக்காவிலிருந்து பிரேசிலின் ரியோ டி ஜெனீரோவுக்குப் போகும் விமானத்தில் ஒரு இத்தாலியப் பெண்மணி ஏறினார். கூடவே ஒரு சின்ன அட்டைப்பெட்டி. அதற்குள் இரண்டு வெள்ளைச் சுண்டெலிகள். ஆமாம், உயிரோடுதான்! அவற்றின் உடம்பில் புற்றுக்கட்டி வளர்ந்திருந்தது.

அந்தப் பெண்மணி ரீட்டா லெவி-மோந்தால்சினி. மாதாமாதம் வயிற்று வலியில் சுருண்டு படுக்கும் பெண்களுக்கும் இந்த எலிகளுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கிறது. ஆனால் அதைப் பார்க்க மருத்துவ உலகத்துக்கு அரை நூற்றாண்டு ஆனது. ஏன் அவ்வளவு தாமதம் என்பதுதான் கதையே.

ரீட்டா 1909-ல் டூரின் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். மருத்துவம் படித்தார். 1938-ல் முசோலினியின் இனச் சட்டங்கள் வந்து, பல்கலைக்கழகக் கதவை யூதர்களுக்கு மூடிவிட்டன. அவர் சும்மா இருக்கவில்லை. தன் படுக்கையறையையே ஆய்வுக்கூடமாக்கி, கோழி முட்டைக்குள் வளரும் கருவில் நரம்புகள் எப்படி வளர்கின்றன என்று ஆராய்ந்தார். போர் முடிந்தபின் விக்டர் ஹாம்பர்கர் அழைக்க, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸுக்குப் போனார்.

எலியின் ஒருவகைக் கட்டியைக் கோழிக்கருவில் வைத்தால் நரம்புகள் கட்டியை நோக்கிப் பாய்ந்து வளர்வது அங்கே தெரியவந்தது. கட்டியிலிருந்து ஏதோ ஒன்று சுரந்து நரம்புகளை வளர்க்கிறது என்று ரீட்டா சந்தேகப்பட்டார். அதைக் கண்ணாடித் தட்டில் வளர்த்துப் பார்க்கும் வசதி ரியோவில் இருந்தது. அதற்குத்தான் அந்த விமானப் பயணம். கட்டியின் பக்கத்தில் நரம்பு முடிச்சை வைத்ததும் சூரியனைச் சுற்றிக் கதிர் வரைந்ததுபோல நரம்பிழைகள் முளைத்தன. பிறகு ஸ்டான்லி கோஹன் என்ற உயிர்வேதியியலாளர் அந்தப் பொருள் ஒரு புரதம் என்று காட்டினார். பெயர் நெர்வ் குரோத் ஃபேக்டர், சுருக்கமாக என்.ஜி.எஃப். இருவருக்கும் 1986-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இதே காலத்தில் இன்னொரு கதை தனியாக ஓடிக்கொண்டிருந்தது.

கர்ப்பப்பையின் உட்சவ்வைப் போன்ற திசு சினைப்பை, குடல், சிறுநீர்ப்பை என்று கண்ட இடத்தில் வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ். நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி நகரில் ஜான் சாம்ப்சன் என்ற மருத்துவர் 1921-ல் சினைப்பையில் வரும் சாக்லேட் நிறக் கட்டிகளைப் பற்றி எழுதினார். மாதவிடாய் ரத்தம் கருக்குழாய் வழியாகப் பின்னோக்கிப் போய் இந்தத் திசுவை விதைக்கிறது என்று 1927-ல் விளக்கினார்.

அதன்பின் எல்லோரும் கட்டியையே பார்த்தார்கள். எவ்வளவு பெரிது? எவ்வளவு ஆழம்? 1985-ல் அமெரிக்கக் கருவுறுதல் சங்கம் திருத்தி வெளியிட்ட மதிப்பெண் முறை நோயை நான்கு நிலைகளாகப் பிரித்தது. கட்டியின் அளவுக்கு மார்க் உண்டு, உறுப்புகள் ஒட்டிக்கொண்டிருந்தால் மார்க் உண்டு. வலிக்கு ஒரு மார்க்கூட இல்லை! குழந்தை பிறக்குமா என்ற கேள்வியை மனதில் வைத்துச் செய்த கணக்கு அது.

கட்டியின் அளவுக்கும் வலியின் அளவுக்கும் சரியாகப் பொருந்தவே இல்லை. முதல் நிலையில் இருப்பவர் துடிப்பார். நான்காம் நிலையில் இருப்பவர் சாதாரணமாக நடமாடுவார். இதனால் கட்டி சின்னதாக இருந்த பெண்கள் மிகைப்படுத்துகிறார்கள் என்றே பலரும் நினைத்தார்கள். ஹிஸ்டீரியா என்ற சொல்லே கர்ப்பப்பைக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு கதைகளும் சந்தித்த இடங்களில் ஒன்று பிரஸ்ஸல்ஸ். 2002-ல் வின்சென்ட் அனாஃப் குழுவினர், ஆழமாக வேரோடிய எண்டோமெட்ரியோசிஸ் முடிச்சுகளில் என்.ஜி.எஃப். அதிகம் இருப்பதையும், அந்த முடிச்சுகள் நரம்புக்குள் ஊடுருவியிருப்பதையும் காட்டினார்கள். 2006-ல் சிட்னி ஆய்வாளர்கள், நரம்பை அடையாளம் காட்டும் பி.ஜி.பி. 9.5 என்ற புரதத்தைச் சாயமேற்றித் தேடினார்கள். மாதாமாதம் உதிரும் உட்சவ்வின் மேலடுக்கில், இந்த நோய் உள்ளவர்களுக்கு மட்டும் மெல்லிய நரம்பிழைகள் தெரிந்தன. என்.ஜி.எஃப். நரம்பை வளர்ப்பதோடு நிற்பதில்லை. இருக்கும் நரம்பைச் சின்னத் தூண்டலுக்கும் கத்த வைக்கிறது. கட்டி சின்னதாக இருந்தும் வலி பெரிதாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதோடு சுபம் போட முடியாது. சிட்னி முடிவை வைத்து எளிய பரிசோதனை வந்துவிடும் என்று எதிர்பார்த்தார்கள். பிந்தைய ஆய்வுகளில் முடிவுகள் ஒரே மாதிரி வரவில்லை. என்.ஜி.எஃப்.-ஐத் தடுக்கும் டானெசுமாப் மருந்தை மூட்டுவலிக்குக் கொடுத்தபோது சிலருக்கு மூட்டே வேகமாகத் தேய்ந்தது. 2021-ல் அமெரிக்க நிபுணர் குழு 19-க்கு 1 என்று அதை எதிர்த்தது.

உலகில் பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் சுமார் 10 சதவீதம், அதாவது 19 கோடி பேருக்கு இந்த நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அப்படியானால் நம் வகுப்பிலும் இருக்கலாம். அந்தப் பெண்கள் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டேதான் இருந்தார்கள். வலியைக் கட்டும் புரதம் 1950-களிலேயே கையில் இருந்தது. அவர்கள் சொன்னதை நம்பியிருந்தால், இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் யோசனை இன்னும் முன்னாலேயே யாருக்காவது வந்திருக்கும்.

'எல்லாப் பொண்ணுங்களுக்கும் வர்றதுதானே' என்று நம் வீடுகளிலும் சொல்கிறோம். அடுத்த முறை ஒரு தோழி வலி என்று லீவு போட்டால், அந்த வாக்கியத்தைச் சொல்லாமல் இருப்போம். நம்பத் தொடங்க நோபல் பரிசெல்லாம் தேவையில்லை.